முழங்கை உயரம்

ஜனவரி 9

அன்புள்ள நெட்டைக்கு,

அண்ணி எழுதுகிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உன் முதுகுவலி விட்டதா, இல்லை இன்னும் தைலமும் கையுமாக இருக்கிறாயா என்று எழுது.

இன்று காலை சிங்குக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவைத் திறந்தேன். கதவு கையோடு வந்துவிட்டது. கீல் இருந்த இடத்தில் பலகை ஊறிப்போய், தேநீரில் நனைத்த பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. குழாய் எத்தனை நாளாக ஒழுகியதோ தெரியவில்லை. அந்தக் கதவை நான் திறந்தே வெகுநாளாகிறது. உன் அண்ணன் போனபிறகு இது இரண்டாவது ஜனவரி.

இங்கே இருக்கும் பெரிய கடைக்குப் போனேன். விற்பனையாளர் முதலில் நாற்காலி போட்டு, குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். கையில் இருக்கும் தொகையைச் சொன்னேன். "அதுக்குக் கைப்பிடி மட்டும் வாங்கலாம் மேடம்" என்றார். தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். வழியில்தான் உறைத்தது, இருபது வருடமாகச் சமையலறை விற்கிற நாத்தனாரை வைத்துக்கொண்டு நான் ஏன் ஊரெல்லாம் அலைய வேண்டும் என்று. குறைந்த பணத்தில் உருப்படியான அலமாரி எது, எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்.

போன் பண்ணிவிடாதே. மருத்துவமனை வரவேற்பில் நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு "சொல்லுங்க, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு வந்தால், வீட்டில் மணி அடித்தாலே காதைப் பொத்திக்கொள்கிறேன். ஜூன் மாதத்தோடு ஓய்வு. அதற்குள் இதைச் சரிசெய்துவிட வேண்டும். எப்படி இருந்ததோ அப்படியே இருந்தால் போதும்.

உன் அண்ணி

ஜனவரி 21

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்து எத்தனை நாளாகிறது. முதுகு பரவாயில்லை, நான் உட்கார்ந்தால்தான் அதற்குக் கோபம் வருகிறது. நீங்கள் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்க வேண்டும்.

அந்தக் கடைப் பக்கம் இனிமேல் தலைவைத்தும் படுக்காதீர்கள். குளிர்ந்த தண்ணீரின் விலையும் அலமாரியில்தான் சேரும். நான் சொல்வதைக் கேளுங்கள். எல்லாரும் கதவைப் பார்த்து வாங்குகிறார்கள். பளபளப்பு, நிறம். கதவு வெறும் சட்டைதான் அண்ணி, உடம்பு உள்ளே இருக்கும் பெட்டி. தண்ணீர் படுகிற இடத்தில், அதாவது சிங்கின் கீழே, தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்குத்தான் பணத்தைக் கொட்ட வேண்டும். மற்ற இடத்தில் கையை இறுக்கிக்கொள்ளலாம். பலகையின் ஓரம் நாலு பக்கமும் ஒட்டி மூடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மூடாத ஓரம் வழியாகத்தான் ஈரம் ஏறும். இழுப்பறையை முழுசாக இழுத்து, மேலே கையை ஊன்றி அமுக்குங்கள். தலை தொங்கினால் வேண்டாம்.

உங்களிடம் இருப்பதை எல்லாம் தூக்கிப்போட வேண்டாம். ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிப் பாருங்கள். கெட்டியாகச் சத்தம் வந்தால் அது இன்னும் உழைக்கும்.

இப்போது எனக்கு வேண்டிய விவரங்கள். எந்தக் கைப்பிடி அதிகம் தேய்ந்திருக்கிறது? கத்தி, கரண்டி இழுப்பறை அடுப்புக்கு எந்தப் பக்கம்? முக்கியமானது முழங்கை உயரம். செருப்பில்லாமல் நிமிர்ந்து நின்று, கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை. அதில் ஐந்து அங்குலம் கழித்தால் சமைப்பவருக்கு ஏற்ற மேடை உயரம் கிடைக்கும். இதைத் தனியாக அளக்காதீர்கள். டேப்பைப் பார்க்கக் குனிந்தால் முழங்கையும் கூடவே இறங்கிவிடும். யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கைச்சமையலைச் சாப்பிட்டு மூன்று வருடம் ஆகிவிட்டது. இங்கே கடையில் என்னைச் சுற்றி, பார்வைக்கு வைத்த ஒன்பது மாதிரிச் சமையலறைகள். எல்லாவற்றிலும் பிளாஸ்டிக் ஆப்பிள்.

உங்கள் நெட்டை

பிப்ரவரி 6

அன்புள்ள நெட்டைக்கு,

உன் கடிதம் வந்தது. சுகமாக இருக்கிறேன். குழாயை அடைக்கச் சொல்லிவிட்டேன்.

நீ சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பெட்டிகளைத் தட்டினேன். சிங்க் பக்கமும் அடுப்புப் பக்கமும் பொதபொதவென்று இருக்கிறது. ஜன்னலோரம் இருப்பவை கெட்டி. பேச வேறு யாரும் இல்லாததால் அவற்றை இரண்டாம் முறையும் தட்டினேன். பதில் வந்தது. சிரிக்காதே.

அதிகம் தேய்ந்திருப்பது மேல் அலமாரியில் உச்சித் தட்டின் கைப்பிடி. கத்தி இழுப்பறை அடுப்புக்கு இடப்பக்கம். அதன் பிடி வெளுத்தே போய்விட்டது. உப்பு டப்பா வைத்த வட்டமும் இடப்பக்கம்தான் பதிந்திருக்கிறது.

முழங்கை நாற்பத்தாறு அங்குலம்.

மேடை உயரத்தை மட்டும் மாற்ற வேண்டாம் என்று ஆசாரியிடம் சொல்லிவிடலாம் அல்லவா? வெயில் ஏறுகிறது. நீ தண்ணீர் நிறையக் குடி.

உன் அண்ணி

பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம். நீங்களும் அப்படியே இருக்கவேண்டும்.

உங்கள் அளவைப் பார்த்துவிட்டு, எதிரே இருந்த வாடிக்கையாளரை மறந்து சிரித்துவிட்டேன். நாற்பத்தாறு அங்குலத்தில் முழங்கை இருக்க வேண்டுமென்றால் ஆள் ஆறடிக்கு மேல் இருக்க வேண்டும். கல்யாணப் போட்டோவில் நீங்கள் பலகைமேல் ஏறி நின்றும் அண்ணன் தோளுக்கு வரவில்லை. போட்டோக்காரர், "அம்மா கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்க" என்று சொல்ல, நீங்கள் "இதுக்கு மேல எலும்பு இல்லீங்க" என்றது எங்கள் வீட்டில் இன்றும் பேச்சு.

சிரித்தபிறகு மறுபடி படித்தேன். நீங்கள் எட்டவே முடியாத உச்சித் தட்டின் கைப்பிடி தேய்ந்திருக்கிறது. கத்தியும் உப்பும் இடப்பக்கம். எங்கள் வீட்டில் இடக்கைக்காரர் ஒரே ஆள்தான்.

இருபது வருடமாக இதையே வேலையாகப் பார்த்துச் சாப்பிடுகிறவள் நான். கைப்பிடிகளைக் காட்டினால் அந்த வீட்டில் சமைப்பது யார் என்று சொல்லிவிடுவேன். கேட்டுவிடுகிறேன், கோபிக்காதீர்கள். அங்கே சமைத்தது அண்ணன்தானே?

உங்கள் நெட்டை

மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? என் கடிதம் கிடைத்ததா?

வேடிக்கைக்கு எழுதியது உங்களைக் குத்திவிட்டதோ என்று இருக்கிறது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், உடம்பு மாதிரியே. பதில் வேண்டாம் என்றால் வேண்டாம். அலமாரியைப் பற்றி மட்டுமாவது ஒரு வரி எழுதுங்கள். போன் பண்ணலாமா என்று கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

நெட்டை

ஏப்ரல் 2

அன்புள்ள நெட்டைக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. கோபமெல்லாம் இல்லை. காய்ச்சலும் இல்லை. எழுத உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான்.

ஆமாம், அவர்தான். கல்யாணமான முதல் வாரம் நான் வெங்காயம் நறுக்கப் போய் விரலை நறுக்கிக்கொண்டேன். "நீ அப்படி உட்காரு, நான் பாத்துக்கறேன்" என்றார். அப்போது உட்கார்ந்தவள்தான். அவருக்குத் தோதாக மேடையை உயர்த்திக் கட்டினார். எனக்கு அது நெஞ்சுவரை வரும். ஜன்னலோரம் உயரமான முக்காலி ஒன்று போட்டுக் கொடுத்தார். அதில் ஏறிக்கொண்டு அன்றைக்கு வந்த போன்களை எல்லாம் நடித்துக் காட்டுவேன். ஒருத்தர் போன் பண்ணி, "பல் டாக்டர் இருக்காரா? இல்லேன்னா பல்வலிய நாளைக்கு வச்சுக்கறேன்" என்றார். அன்றைக்கு உன் அண்ணன் சிரித்ததில் அடுப்பில் இருந்தது தீய்ந்துவிட்டது.

அத்தை வந்தால் மட்டும் ஒரு ஏற்பாடு, நீயும் அவர்களோடுதானே வருவாய். அவர்கள் செருப்புச் சத்தம் கூடத்தில் கேட்டதும் கரண்டி என் கைக்கு வந்துவிடும். மகன் அடுப்படியில் நிற்பதை அத்தையால் தாங்க முடியாது என்பது அவர் பயம். "மருமக கைப்பக்குவம் யாருக்கு வரும்" என்று அத்தை சொல்வார்கள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஆமாம்மா, கொஞ்சம் உப்புதான் கம்மி" என்பார். தன் சமையலைத் தானே குறை சொல்வதில் அவருக்கு ஒரு குஷி.

என்ன சாப்பிடுகிறேன் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மதியம் மருத்துவமனை கேன்டீன். ராத்திரிக்கும் அங்கேயே ஒரு டப்பாவில் வாங்கிக்கொள்வேன். விடுமுறை நாளில் ரொட்டியும் பழமும். ஜூன் கடைசியில் கேன்டீன் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு என்ன செய்வேன் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது நெட்டை. இந்த வயதில் ஒருத்தி சாப்பாட்டுக்குப் பயப்படுகிறாள் என்று யாரிடம் சொல்வது?

அந்த நாற்பத்தாறு நான் அளந்தது இல்லை. டேப்பின் முனையை மிதித்துக்கொண்டு நின்றேன். குனிந்தால் முழங்கை இறங்குகிறது, நிமிர்ந்தால் எண் தெரியவில்லை. பிடிக்க ஆள் இல்லை. அதனால் அவர் மேடையை அளந்து, நீ கழிக்கச் சொன்ன ஐந்தைத் திரும்பக் கூட்டி எழுதினேன்.

கீழே இறக்கிவிட்டால் எனக்குச் சௌகரியம்தான், தெரிகிறது. ஆனால் அது அவர் நின்ற இடம். மனசு வரவில்லை.

அண்ணி

ஏப்ரல் 13

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில், மூன்றாம் நம்பர் மாதிரிச் சமையலறையில் உட்கார்ந்து படித்து அழுதேன். அந்த நேரம் ஒரு தம்பதி உள்ளே வந்தார்கள். விலையைக் கேட்டுத்தான் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள்.

அண்ணனைப் பற்றி எழுதியதற்கு நன்றி. அம்மா வீட்டில் ஒரு தம்ளரைக் கூட நகர்த்தாத மனுஷன் அவர். எனக்குத் தெரியாத ஓர் அண்ணன் உங்களிடம் இருந்திருக்கிறார்.

ஆனால் கறாராக ஒன்று சொல்கிறேன். அண்ணனுக்கு இனிமேல் சமையலறை தேவையில்லை. உங்களுக்குத் தேவை. நெஞ்சு உயர மேடையில் கொதிக்கிற பாத்திரத்தை எப்படி இறக்குவீர்கள்? முகத்தில் கொட்டிக்கொள்ளவா? முக்காலிமேல் ஏறி நின்று சமைக்கிறேன் என்று சொல்லிவிடாதீர்கள். நான் அங்கே வந்து அதை உடைத்துவிடுவேன்.

வழி இருக்கிறது. ஜன்னலோரப் பெட்டிகள் கெட்டியாக இருக்கின்றன என்றீர்கள். அவற்றைத் தொட வேண்டாம். அந்தப் பக்கம் அண்ணன் உயரத்திலேயே இருக்கட்டும். பாதிச் செலவு மிச்சம். ஊறிப்போன சிங்க் பக்கத்தையும் அடுப்புப் பக்கத்தையும் மட்டும் எடுத்துவிட்டு உங்கள் உயரத்துக்கு வைப்போம். மேடை ஒரே மட்டமாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பணத்துக்கும் வழி இருக்கிறது. எங்கள் கடையில் இருக்கும் மாதிரிகளைக் கழற்றுகிறார்கள். வேலை செய்கிறவர்களுக்குச் சல்லிசாகக் கிடைக்கும். மூன்றாம் நம்பர் நல்ல பிளைவுட், ஓரம் எல்லாம் மூடியது, இழுப்பறை தலை தொங்காது. கதவில் இரண்டு கீறல், அவ்வளவுதான். அதில் யாரும் ஒருநாளும் சமைத்ததில்லை. உங்களோடு சேர்ந்து அதுவும் கற்றுக்கொள்ளட்டும்.

ஆனால் உங்கள் முழங்கை வேண்டும். அண்ணனுடையது வேண்டாம். அளக்க ஆள் தேடுங்கள்.

நெட்டை

மே 6

அன்புள்ள நெட்டைக்கு,

நலம். நீ நலமா? போன கடிதத்தில் உன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கீழ்வீட்டில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். அவருடைய மெஷின் சத்தம் வருடக்கணக்காக என் காதில் விழுகிறது. படியில் பார்த்தால் தலையாட்டுவோம், அதோடு சரி. டேப் பிடிக்க வேறு யார் என்று யோசித்தபோது அவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். மூன்று முறை கதவுவரை போய்த் திரும்பிவந்தேன். நாலாம் முறை அவரே திறந்துவிட்டார்.

"ஒரு அளவு எடுக்கணும்" என்றேன். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக்கொண்டு, "என்ன தைக்கணும்?" என்று கேட்டார். "சமையலறை" என்றேன். விஷயத்தைச் சொன்னதும் தரையில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்து மடக்கி, "நிமிருங்க, இன்னும் நிமிருங்க" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். யாராவது என்னைத் தொட்டு எவ்வளவு நாளாகிறது என்று அப்போது தோன்றியது. பழக்கதோஷத்தில் தோளையும் மணிக்கட்டையும் கூட அளந்து எழுதிவிட்டார்.

முப்பத்தேழரை. இது என்னுடையதுதான்.

மூன்றாம் நம்பரையே அனுப்பு. பணத்தை அனுப்பிவிட்டேன். ஆமாம், மாதிரிகளை எதற்குக் கழற்றுகிறார்கள்? புதிதாக வைக்கப் போகிறார்களா?

உன் அண்ணி

மே 24

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம். ஐந்தைக் கழித்து, முப்பத்திரண்டரை அங்குல மேடைக்கு அலமாரிக் கால்களை வெட்டிவிட்டேன். லாரி அடுத்த வாரம் கிளம்பும். பொருத்துகிறவர்கள் இருவரும் எனக்குப் பழக்கமானவர்கள். டீ மட்டும் கொடுங்கள், போதும். கீல் திருகுகளை ஒரு மாதம் கழித்து மறுபடி இறுக்க வேண்டும், மறக்காதீர்கள். புதுக் கதவைச் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈரத்துணி போதும்.

வேலை இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

நெட்டை

ஜூலை 3

அன்புள்ள நெட்டைக்கு,

நான் நலம். ஒருமாதிரி நலம்.

சமையலறை பொருத்தியாகிவிட்டது. கேன்டீன் அட்டையையும் கொடுத்துவிட்டேன். பிரிவுபசார விழாவில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். இனிமேல் நேரத்தைப் பார்த்து நான் என்ன செய்யப் போகிறேன் என்று அவர்கள் யோசிக்கவில்லை.

முதல் தேதி தையல்காரம்மா சொல்லிக்கொடுத்தபடி பருப்பும் ஒரு காயும் வேகவைத்தேன். அடியில் பிடித்துவிட்டது. உப்பு கம்மி. அதைச் சொல்ல ஆளில்லாமல் நானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு சாப்பிட்டேன். ஆனால் சுடச்சுடச் சாப்பிட்டேன் நெட்டை, டப்பாவில் இல்லாமல்.

நீ கச்சிதமாகச் செய்துவிட்டாய். நின்ற இடத்திலிருந்தே எல்லாம் கைக்கு வருகிறது. முன்பெல்லாம் எது வேண்டுமென்றாலும், "ஏங்க, அந்த டப்பாவை எடுங்க" என்று கூப்பிடுவேன். சமைக்காதவளுக்குக் கூட ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏதாவது எட்டாமல் இருக்கும். நேற்று சர்க்கரையை எடுக்கத் திரும்பியவள், "ஏங்க" என்று சொல்லிவிட்டேன். சர்க்கரை என் கைக்கு நேரே இருந்தது. இந்த வீட்டில் இப்போது எனக்கு எட்டாதது எதுவும் இல்லை. அதனால் யாரையும் கூப்பிட வேண்டியதும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இனி உன் விஷயம். உன் கடை மூடிவிட்டதாம். பொருத்த வந்தவர்கள் டீ குடித்துக்கொண்டே சொன்னார்கள். "அக்கா தனக்குக் கடையிலேர்ந்து வரவேண்டிய கடைசிக் கணக்குப் பணத்துக்குப் பதிலா இதைத்தான் கேட்டு வாங்கினாங்க" என்றார்கள். நான் அனுப்பிய பணம் லாரிக்கூலிக்குத்தான் ஆகியிருக்கும். கடை மூடப்போவது ஏப்ரலிலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் சாப்பாட்டுக்குப் பயப்படுகிறேன் என்று நாலு பக்கம் எழுதினேன். நீ அதற்கு ஆறுதல் சொல்லிவிட்டு, உன்னைப் பற்றி வாயே திறக்கவில்லை. வாய் நீளமாம். எனக்குக் கோபம்தான். வெட்கமாகவும் இருந்தது. நீ இத்தனை வருடமாக அந்த வாடகை அறையில் எதில் சமைக்கிறாய், சமைக்கிறாயா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஜன்னலோர மேடை அப்படியே இருக்கிறது. நாற்பத்தோரு அங்குலம். அந்த உயரத்தில் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. வந்த கடிதங்களை வைக்கிறேன். நீ தன்னைவிட இரண்டு விரல்தான் குட்டை என்பார் உன் அண்ணன். அது உனக்குச் சரியாக இருக்குமா என்று தெரியவில்லை.

உன் முழங்கை உயரத்தை அளந்து எழுது.

அண்ணி

ஜூலை 15

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று இந்தத் தடவை எழுத வரவில்லை. வேலை தேடிப் போகிற இடத்தில் எல்லாம் என் வயதைக் கேட்டுவிட்டு, பிறகு சொல்கிறோம் என்கிறார்கள். அறையில் ஒற்றை அடுப்பு. அதை நாற்காலிமேல் வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் யாராவது பார்த்திருந்தால் என்னிடம் ஒரு கைப்பிடி கூட வாங்கியிருக்க மாட்டார்கள். முதுகுவலிக்குக் காரணம் அதுதான் அண்ணி, உங்களிடம் சொன்னதில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் டேப்பை எடுத்தேன். எத்தனையோ பேருடைய முழங்கையை அளந்திருக்கிறேன். என்னுடையதை யாரும் அளந்ததில்லை, நானும் கேட்டதில்லை. முனையை மிதித்துக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, என்னென்னவோ செய்து பார்த்தேன். மூன்று தடவையும் மூன்று அளவு. குனியாமல் பார்க்க முடியவில்லை.

அதனால் அளவு இந்தக் கடிதத்தில் இல்லை. அறைச் சாவியை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அதைப் பற்றி இப்போது கேட்காதீர்கள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன், டேப்பையும் எடுத்துக்கொண்டு. நீங்கள் கீழே முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் நிமிர்ந்து நிற்கிறேன்.

உங்கள் நெட்டை